ஆலைக்குப் போன இரண்டாவது கேபிள்

நம் தொலைபேசித் துறையின் டிரான்ஸ்மிஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் தொழில்நுட்ப முன்னேற்றம் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்னேற்றம் நடந்தது உண்மைதான். நான் வேலையில் சேர்ந்தபோது பீரோ அளவுக்கு இருந்த கருவி, நான் ஓய்வு பெறும்போது டிபன் பாக்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. தலைமுடி கனத்தில் இருக்கும் ஒரு கண்ணாடி இழையில் ஒரே ஒரு நிற ஒளி போய்க்கொண்டிருந்தது போய், இப்போது பல நிறங்கள் ஒன்றை ஒன்று இடிக்காமல் போகின்றன. அதெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் புத்தகத்தில் படம் போட்டு இருக்கிறது. தூக்கம் வராத நாளில் எடுத்துப் படியுங்கள், வந்துவிடும்.

நான் சொல்லப்போவது கும்மிடிப்பூண்டியில் பட்டப்பகலில் நடந்த ஒரு சங்கதி. இரண்டாயிரங்களின் பிற்பகுதி. அன்று எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எந்தக் கேபிளும் அறுபடவில்லை. எல்லாம் நன்றாக இருந்தது, அதனால் எல்லாம் நின்றுபோனது. நடுவில் ஒருத்தன் பிழைப்பு போகப் பார்த்தது.

அப்போது எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக இருந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சார் என்றே வைத்துக்கொள்வோம், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

சாருக்கு எதுவாக இருந்தாலும் இரண்டு இருக்க வேண்டும். சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் நீலம். மூக்கில் ஒரு கண்ணாடி, மேசை இழுப்பறையில் அதே பவரில் இன்னொன்று. பொன்னேரியிலிருந்து திருவள்ளூர் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் வருவார், ஆனால் சென்னை போய்ச் சுற்றிக்கொண்டு வரும் ரயிலுக்கும் சீசன் டிக்கெட் எடுத்து வைத்திருப்பார். கோயிலுக்குப் போனால் இரண்டு தேங்காய் வாங்குவார், ஒன்று அழுகலாக இருந்தால் சாமி முன்னால் மானம் போய்விடும் என்று. மகள் கல்யாணத்துக்கு இரண்டு சமையல்காரர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஒருத்தர் கைவிட்டால் இன்னொருத்தர் இருக்கட்டுமே என்றுதான். இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் சமைத்தார்கள். சாம்பாரில் இவர் ஒரு தடவை உப்புப் போட்டார், அவர் ஒரு தடவை உப்புப் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் திருப்பாச்சூர்க்காரர்கள், நல்ல மனிதர்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை, நேரே ரசத்துக்குத் தாவிவிட்டார்கள்.

சிரியுங்கள், ஆனால் கொஞ்சமாகச் சிரியுங்கள். அந்தப் புத்திதான் எங்கள் மானத்தைப் பல தடவை காப்பாற்றியது. அப்போது நாங்கள் எஸ்டிஎச் என்ற முறையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். திருவள்ளூரில் தொடங்கிப் பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று சுற்றி மறுபடி திருவள்ளூரில் வந்து முடியும் ஒரு வளையம். செய்தி ஒன்றுதான், ஆனால் அது வளையத்தின் இரண்டு பக்கமாகவும் கிளம்பும். போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் கருவி இரண்டையும் பார்க்கும். எது நன்றாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும், மற்றதைக் கண்டுகொள்ளாது. ஒரு தடவை பெரியபாளையத்தில் சாலையை அகலப்படுத்த வந்த ஜேசிபி எங்கள் கேபிளை வேரோடு பிடுங்கிப் போட்டது. ஒரு வாடிக்கையாளர்கூடப் போன் பண்ணவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். சார் அந்த ஜேசிபி ஓட்டுநருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவசரமில்லாமல் தோண்டுப்பா என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்கு அவர் வாக்குதான் வேதம். ஒத்தை வழியை நம்பி யாரையும் விடக் கூடாது. பச்சை விளக்கு எரிகிற கேபிளில் கை வைக்கக் கூடாது. இரண்டே விதிதான். மூன்றாவதாக அவர் எதையும் சொன்னதில்லை.

பிறகு ஈதர்நெட் வந்தது. அதுவரை அது ஆபீசுக்குள் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் கோத்துவிடுகிற வீட்டு விவகாரம். அதைத் தூக்கி ஊர்விட்டு ஊர் போகும் வளையத்தில் போட்டார்கள். வேகம் அதிகம், கருவி சின்னது, வாடிக்கையாளர் கேட்கிற அளவுக்கு அளந்து கொடுக்கலாம். பழைய வளையத்துக்குப் பக்கத்திலேயே புது வளையமும் போட்டோம். எங்களுக்குச் சென்னையில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். சார் முதல் வரிசையில் இரண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வகுப்பெடுத்தவர் பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதன் ஒரு பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு, இது ரொம்ப முக்கியம் என்றார். அன்று பிரியாணி போட்டிருந்தார்கள். முக்கியம் என்ற வார்த்தை மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் விழவில்லை.

புது வளையத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த ஓர் உருக்கு ஆலை. லோடு ஏற்றிய லாரியை வாசலில் எடை போடுவார்கள். அந்த எடை எங்கள் வழியாகச் சென்னையில் இருக்கும் அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போகும், பில் திரும்பி வரும். பில் வந்தால்தான் கேட் திறக்கும். எங்கள் கும்மிடிப்பூண்டி நிலையத்திலிருந்து அந்த ஆலைக்கு ஒரே ஒரு கேபிள்தான் போயிருந்தது. இது தெரிந்த நாளிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை. அலைந்து திரிந்து, ஆலையின் தெற்கு கேட் வழியாக இன்னொரு கேபிள் இழுக்க அனுமதி வாங்கிவிட்டார்.

அதை இழுத்தவன் ஏசுபாதம். எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். கேபிள் இழுப்பதும் கண்ணாடி இழைகளை ஒட்டுவதும் அவன் வேலை. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கை சுத்தம், வாய் நீளம். டீ ஆறிப்போனால் அதற்கு ஒரு வழக்கு, ஜீப் வரத் தாமதமானால் அதற்கு ஒரு வழக்கு. அவன் கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கும். அந்த அட்டை இருந்தால்தான் தொழிற்பேட்டையில் எந்த ஆலையும் அவனை உள்ளே விடும். கேபிளைக் கெடுத்தவன் என்று ஒரு தடவை அட்டையைப் பிடுங்கிவிட்டால், வேறு ஒப்பந்தக்காரரிடம் போனாலும் அந்த வட்டாரத்தில் அவனுக்கு வேலை கிடைக்காது. அப்போது அவனுக்குக் கைக்குழந்தை ஒன்று இருந்தது.

இனி அந்த நாள். காலையில் திருநின்றவூரில் ரயில் பிடித்து, நின்றுகொண்டே திருவள்ளூர் வந்து, கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தேன். எதிரே பெரிய திரை. வளையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அதில் ஒரு புள்ளி. கோளாறு என்றால் சிவப்பு, நலம் என்றால் பச்சை. எல்லாம் பச்சையாக இருந்தது. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு காபியை வாயில் வைத்தேன்.

முதல் போன் ஆலையிலிருந்து வந்தது, பில் வரவில்லையாம். அடுத்தது பொன்னேரியில் ஒரு வங்கி, கம்ப்யூட்டர் அசையவில்லையாம். பிறகு வரிசையாக வந்தன. புது வளையத்தில் யார் யார் இருந்தார்களோ எல்லாரும் நின்றுவிட்டார்கள். திரையைப் பார்த்தேன். பச்சை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அப்போதும் பச்சை.

அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று பிற்பாடுதான் புரிந்தது. திரைக்குத் தகவல் வருவதும் அதே புது வளையத்தின் வழியாகத்தான். வழி அடைத்துக்கொண்டதால் தகவல் எதுவும் வரவில்லை. தகவல் வராததால், கடைசியாகக் கேட்ட நல்ல சேதியையே திரை காட்டிக்கொண்டிருந்தது. பழைய வளையத்தில் ஓடிய தொலைபேசிகள் மட்டும் அருமையாக வேலை செய்தன. எல்லாரும் எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவதற்கு அது வசதியாக இருந்தது.

சார் அன்று வீட்டிலிருந்து நேராகக் கும்மிடிப்பூண்டி நிலையத்துக்குப் போயிருந்தார். அவரைக் கூப்பிட்டு, காலையில் அங்கே ஏதாவது வேலை நடந்ததா சார் என்று கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கலம்மா. யாரும் எதையும் தொடலை,” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

டிரான்ஸ்மிஷன்காரர்களுக்குச் சேவை நின்றுபோனால் ஒரே ஓர் அர்த்தம்தான் தெரியும். எங்கேயோ கேபிள் அறுந்திருக்கிறது. கேபிளைச் சோதிக்கும் கருவியோடு ஏசுபாதத்தைச் சாலைக்கு விரட்டினோம். அவனும் வெயிலில் கும்மிடிப்பூண்டிக்கும் கவரப்பேட்டைக்கும் நடுவே ஒவ்வொரு இடமாகத் திறந்து பார்த்தான். ஒளி ஒரு முனையில் போய் மறு முனையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அறுப்பு இல்லை, மடிப்பு இல்லை, ஒன்றும் இல்லை.

இதற்குள் சென்னைத் தலைமை அலுவலகம் எல்லாரையும் ஒரே கான்பரன்ஸ் காலில் உட்கார வைத்துவிட்டது. கடைசியாகக் கேபிளில் கை வைத்தது யார் என்று கேட்டார்கள். முந்தின நாள் கவரப்பேட்டையில் ஏசுபாதம் ஓர் ஒட்டுப் போட்டிருந்தான். அந்த ஒட்டு நன்றாக இருக்கிறது என்று அளந்து பார்த்தே சொல்லியாகிவிட்டது. ஆனால் நேரம் ஆக ஆக, அவர்களுக்குக் காரணத்தைவிட ஒரு பெயர் அவசரமாகத் தேவைப்பட்டது. ஆலைக்காரர்களுக்கு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும், பதிலில் ஒரு பெயர் இருந்தால் பதில் மாதிரி இருக்கும். ஒப்பந்தக்காரர் தன் தலை தப்பினால் போதும் என்று ஏசுபாதம் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனமில்லை என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் ஆலையின் வாசல் மேலாளர் என் செல்போனில் இருந்தார். எல்லைப் பக்கத்து மனிதர், பாதித் தெலுங்கு. “லாரிங்க தடா வரைக்கும் நிக்கிதும்மா. டிரைவருங்க என்னைக் கடிச்சித் துன்னுடுவாங்க நைனா,” என்றார். நான் அம்மாவா நைனாவா என்று அவருக்கே தெரியவில்லை, அந்த அளவுக்குக் கலங்கிப்போயிருந்தார். தடா ஆந்திராவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் லாரிகள் நிற்கவில்லை. ஆனால் தொழிற்பேட்டைச் சாலை முழுக்க நின்று, பெரிய ரோடு வரைக்கும் வந்திருந்தன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருத்தர் ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

நிலையத்து வாசலில் ஏசுபாதம் நின்றுகொண்டிருந்தான். அட்டை கழுத்தில் இல்லை, கையில் இருந்தது. கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

“இன்னா மேடம், நீங்களும் என்னைத்தான் கேக்கப் போறீங்களா?” என்றான். “சாயந்தரத்துக்குள்ள கார்டைக் குடுத்துட்டுப் போன்னு எங்க சூப்பர்வைசர் சொல்ட்டாரு. காலைலேந்து ரோட்ல நடந்துக்கினு கீறேன், ஒரு வாய் நாஷ்டா துன்னல. ஒட்டு நல்லா கீதுன்னு மிஷினே சொல்லுது. அதைக்கூட நம்ப மாட்டேன்றாங்கோ.”

வழக்கமாக அவன் குறை சொன்னால் நான் பதிலுக்கு ஏதாவது கிண்டல் செய்வேன். அன்று அவன் குரலில் சண்டை இல்லை, வெறும் கணக்குச் சொல்வது போல இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வா என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

சார் பக்கத்து அறையில் ஸ்பீக்கர் போனுக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கள் பக்கம் எல்லாம் பச்சை என்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கருவி அறைக்குப் போய் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், எல்லா விளக்கும் பச்சை. ஆனால் சாதாரணமாக அவை விட்டுவிட்டு மினுக்கும். இப்போது மூச்சு விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. ஆலைக்கு எதுவும் போகவில்லை என்கிறார்கள். ஆலைக்குப் போகும் கேபிளிலோ, தாங்குகிற மட்டும் நிரம்பி வழிந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ஒரு கேபிளில் இல்லை, இரண்டு கேபிளில். நேற்று வரைக்கும் அங்கே ஒன்றுதான் இருந்தது.

“இந்த ரெண்டாவது கேபிளை எப்பப்பா பெட்டியில குத்தினீங்க?” என்று கேட்டேன்.

“ஆலைப் பக்கம் நான் நேத்தே குத்திட்டேன் மேடம், சார்தான் குத்தச் சொன்னாரு. இந்தப் பக்கம் காலைல அவரே வந்து அவர் கையால குத்தினாரு. பச்சை வந்துச்சு. சிரிச்சிக்கினே டீ சாப்பிடப் போனாரு.”

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சேஃப்டி மேடம் அது. சேஃப்டியப் போய் யாராவது கம்ப்ளெய்ண்ட் சொல்வாங்களா?”

எனக்கு அந்தப் பிரியாணி மதியம் ஞாபகம் வந்தது. பலகையில் வட்டம், வட்டத்தின் ஒரு பக்கத்தில் பெருக்கல் குறி. வகுப்பெடுத்தவர் சொன்னது ஒவ்வொன்றாக மேலே வந்தது. ஈதர்நெட் கருவிக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரியாத விலாசத்தைத் தேட வேண்டுமென்றால் தன் எல்லாக் கதவு வழியாகவும் ஒரு கூவல் விடும், யாருப்பா இந்த விலாசத்துக்காரர் என்று. நாம் இரண்டு கேபிளைக் கொடுத்து வைத்தால், ஒரு கதவில் போன கூவல் அடுத்த முனையைத் தொட்டு இன்னொரு கதவு வழியாகத் திரும்பி வரும். இது நாம் விட்ட கூவல்தான் என்று அதற்குத் தெரியாது. புதுசாக யாரோ கேட்கிறார்கள் என்று மரியாதையாக மறுபடியும் கூவும். அது மறுபடியும் திரும்பி வரும். ஊரிலே ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்தக் கேள்வியே பெருகிப் பெருகி மொத்த வளையத்தையும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் வட்டமாகப் போட்டால் ஒரு பக்கத்தை மூடி வைக்கச் சொன்னார் அந்தப் புண்ணியவான். பெரிய வளையத்தில் அப்படி மூடி வைத்திருந்தார்கள், நிலையத்துக்கும் ஆலைக்கும் நடுவே புதிதாக வந்த இந்தக் குட்டி வட்டத்தை யாரும் மூடவில்லை.

இப்போது சார் சொன்ன பதிலுக்கு வருகிறேன். எதையாவது தொட்டீர்களா என்று கேட்டதற்கு, தொடவில்லை என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. தொடுவது என்றால் இருப்பதைக் கலைப்பது. அவர் எதையும் கலைக்கவில்லை, ஒரு பாதுகாப்பைக் கூடுதலாகக் கொடுத்தார். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்ததை யாரும் காரியம் என்று சொல்வதில்லை. எஸ்டிஎச்சில் ஊறிய எங்கள் எல்லாருக்குமே அதே புத்திதான், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படியே செருகிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். நீங்கள் நாளைக்கு யாரிடமாவது விசாரித்தால், என்ன கெடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். என்ன நல்லது செய்தீர்கள் என்று கேளுங்கள், உண்மை சீக்கிரம் வரும்.

என் முன்னால் கேபிள் இருந்தது. நானே ஒன்றைப் பிடுங்கிவிடலாம். எல்லாம் ஓடத் தொடங்கிவிடும். ‘சோதித்துப் பார்க்கும்போது சரியாகிவிட்டது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். நம் துறையில் பாதிக் கோளாறுகள் அப்படிச் சோதிக்கும்போதுதான் சரியாகின்றன. ஆனால் பெயர் என்ற இடத்தில் ஏசுபாதம் இருப்பான், அட்டை போய்விடும். சரி, கான்பரன்ஸ் காலில் போய் உண்மையைப் போட்டு உடைக்கலாம். சாருக்கு அப்போது பதவி உயர்வு வரும் நேரம். அதை முடிவு செய்கிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் காலில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அவரை அவிழ்த்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் பக்கத்து அறைக்குப் போய், அவரைக் கேட்காமலே ஸ்பீக்கர் போனின் மியூட் பொத்தானை அமுக்கினேன்.

“சார், ஆலைக்குப் போற ரெண்டு கேபிள்ல ஒண்ணைப் புடுங்கணும்.”

இவளுக்கு வெயில் ஏறிவிட்டது என்பது போலப் பார்த்தார். “பச்சை எரியுதும்மா,” என்றார்.

“அதான் சார் பிரச்சனை.”

“ஆலையை ஒத்தையில வுடச் சொல்றியா?”

வட்டம், பெருக்கல் குறி, கூவல் என்று பாடம் நடத்த நேரமில்லை. போனுக்குள் தலைமை அலுவலகம் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தது.

“உங்க பொண்ணு கல்யாணத்துல ரெண்டு சமையக்காரரும் வந்துட்டாங்களே சார். நம்ம பழைய பெட்டியா இருந்தா ஒருத்தரை வெச்சிக்கினு இன்னொருத்தரை உக்கார வெச்சிருக்கும். இதுக்கு அது தெரியாது. ரெண்டு பேரையும் சமைக்க வுட்டுடும்.”

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“உப்பு,” என்றார்.

“ஆமா சார்.”

அவர் எழுந்து வந்தார். தெற்கு கேட் கேபிளை விரலால் தடவிக் கண்டுபிடித்து, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே உருவினார். நான் அவரோடு வேலை பார்த்த காலத்தில் அப்படி அவர் செய்து பார்த்ததில்லை. துடித்துக்கொண்டிருந்த விளக்குகள் ஒன்றிரண்டு தடவை திணறி, பிறகு பழையபடி விட்டுவிட்டு மினுக்க ஆரம்பித்தன. என் செல்போன் அடித்தது. வாசல் மேலாளர் பில் வந்துவிட்டது என்று தெலுங்கில் அழுதார். கொஞ்ச நேரத்தில் பெரிய ரோடு பக்கமிருந்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹார்ன் அடிப்பது கேட்டது.

இதற்குப் பிறகு காலப்போக்கில் நடந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதில் சுவாரசியம் குறைவு. சில வாரம் கழித்து அந்த இரண்டாவது கேபிளை மறுபடியும் செருகினோம். இந்தத் தடவை இரண்டையும் ஒரே கட்டாக நினைத்துக்கொள்ளும்படி கருவிக்கு முறைப்படி சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான். இரண்டு வழி வேண்டும் என்று சார் சொன்னதில் தப்பே இல்லை, இரண்டில் யார் சமைப்பது என்று முதலில் தீர்மானித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. சார் அதே நாற்காலியில் ஓய்வு பெற்றார். அவருக்கு நாங்கள் ஒரே மாதிரி இரண்டு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம், சந்தோஷப்பட்டார். ஏசுபாதம் இப்போது தானே ஒப்பந்தக்காரன். அவனிடம் வேலை பார்ப்பவர்கள் டீ ஆறிவிட்டது என்று சண்டை போட்டால் அவனுக்குக் கோபம் வருகிறது.

மறுபடியும் அந்த அறைக்கு வருகிறேன். சார் போய் உட்கார்ந்து மியூட்டை எடுத்தார். தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரியின் குரல் கலகலப்பாக வந்தது. எல்லாம் வந்துவிட்டதாமே, சோதிக்கும்போது தானாகச் சரியாகிவிட்டதா என்று கேட்டார். கேட்கும்போதே பதிலையும் கையில் கொடுத்துவிட்டார், ஆமாம் என்றால் போதும். ஏசுபாதம் வாசற்படியில் அட்டையோடு நின்றான், ஸ்பீக்கரில் வந்தது அவனுக்கும் கேட்டது. நான் சாரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த ஒரு நிமிஷத்தில் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிக்கை வாசிப்பதுபோல நடந்ததைச் சொன்னார். ஆலைப் பக்கம் ஏசுபாதத்தைச் செருகச் சொன்னதும், காலையில் இந்தப் பக்கம் இரண்டாவது கேபிளைச் செருகியதும் தான் என்றார். அதனால்தான் வளையம் அடைத்துக்கொண்டது, கவரப்பேட்டை ஒட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். கேட்டபோது எதையும் தொடவில்லை என்று சொன்னதும் தான்தான் என்றார். பெயர் வேண்டுமென்று கேட்டீர்களே என்று சொல்லி, தன் பெயரை இனிஷியலோடு சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பிறகு பெரிய அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். கெட்ட மனிதர் இல்லை, சார்மேல் அவருக்கு அக்கறை உண்டு.

“ஆலைப் பக்கம் அந்த கான்ட்ராக்ட் ஆள்தானே குத்தியிருக்கான். அவன் பேரையும் சேர்த்துப் போட்டுக்கலாம் சார். ரெண்டு பேருன்னா உங்க மேல பாதிதான் விழும். உங்களுக்கும் ஒரு சேஃப்டி.”

சார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேனாவும் இருந்தன.

“வேணாம் சார்,” என்றார். “ஒண்ணு போதும்.”